கொடிப்பசலை: கோடையில் வேகம் பிடிக்கிற கீரையை வளர்ப்பதும் சமைப்பதும்

சித்திரை பிறந்துவிட்டால் மாடித் தோட்டத்துக் கீரைத் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்துவிடும். கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடும். பாலக் இலை சுருங்கும். வெந்தயக்கீரை முளைத்த கையோடு மஞ்சளாகும். கொடிப்பசலை அப்போதுதான் வேகம் பிடிக்கும். வெயிலும் தண்ணீரும் சேர்ந்து கிடைத்தால் காலையில் கம்பில் சுற்றிவிட்ட நுனி மறுநாளே எட்டிப் பார்க்கும்.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் தக்காளியில் கை வைப்பார்கள். அது பூச்சிக்கும் வாடலுக்கும் போய்ச் சேரும். அதோடு தோட்ட ஆசையும் போய்விடும். என்னைக் கேட்டால் முதல் செடி கொடிப்பசலையாக இருக்கட்டும் என்பேன். உரம், மண் என்று மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்கிக்கொள்ளும் கொடி இது. வெட்டுவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பயந்து பயந்து நாலு இலை கிள்ளுகிறவர் வீட்டில் அது நீளமாக ஓடி, பூத்து, இலை சிறுத்து நின்றுவிடும். தயங்காமல் வெட்டுகிறவர் வீட்டில்தான் வாரா வாரம் கூட்டு.

இங்கே சொல்வது பெரும்பாலும் சென்னை மாதிரியான கடலோர வெயிலுக்கும் மாடித் தொட்டிக்கும் பொருந்தும். தரையில் இடம் உள்ளவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அதையும் அங்கங்கே சொல்கிறேன்.

எது கொடிப்பசலை?

முதலில் சரியான செடியைப் பிடிக்க வேண்டும். கடையில் ‘பசலைக்கீரை விதை’ என்று கேட்டால் பாதி நேரம் பாலக் விதைதான் கையில் வரும். சில நர்சரிகளில் சிலோன் பசலையைக் கொடுத்துவிடுவார்கள். அது நிமிர்ந்து நிற்கும், இளஞ்சிவப்பில் சின்னப் பூ பூக்கும், கொடியாக ஏறாது. தரைப்பசலை வேறு; அது மண்ணோடு மண்ணாகப் படரும் பொடி இலைக்கீரை. எல்லாமே சாப்பிடக்கூடியவைதான், ஆனால் இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல.

கொடிப்பசலையின் இலை தடிமனாக, வழுவழுப்பாக, வெற்றிலையைவிடச் சதைப்பற்றோடு இருக்கும். கிள்ளினால் ‘டக்’கென்று முறியும், விரலில் பசை ஒட்டும். தண்டு உருண்டு, நீர் கோத்தது போல இருக்கும். பிடித்து ஏறப் பற்றுக்கம்பி எதுவும் கிடையாது. தண்டே சுற்றிச் சுற்றி ஏறும். தாவரவியல் பெயர் பாசெல்லா ஆல்பா. இலங்கைத் தமிழர்கள் பசளி என்பார்கள், ஆந்திராவில் பச்சலி, கன்னடத்தில் பசளே, வங்காளத்தில் புயி.

பச்சைத் தண்டு, சிவப்புத் தண்டு என்று இரண்டு வகை. பார்க்க அழகு சிவப்புதான். வாசல் கிரில்லில் ஏற்றிவிட்டால் அலங்காரக் கொடி வாங்கவே வேண்டாம். ஆனால் வேகும்போது அந்தச் சிவப்பு தண்ணீரில் இறங்கி, பருப்போடு சேர்ந்து கூட்டுக்கு ஒரு மங்கிய நிறம் கொடுக்கும். சாப்பாட்டுக்கு என்றால் பச்சை, பார்வைக்கு என்றால் சிவப்பு. இடம் இருந்தால் இரண்டும் வையுங்கள்.

விதையை விடத் தண்டு நல்லது

விதையில் இருந்தும் வளர்க்கலாம். விதை மிளகு மாதிரி உருண்டு, கெட்டியான தோலோடு இருக்கும். ஒரு இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஒன்று பத்தாம் நாளில் முளைக்கும், பக்கத்தில் போட்டது மூன்று வாரம் கழித்து எட்டிப் பார்க்கும். இந்த இடைவெளியில்தான் புதியவர்கள் பொறுமை இழந்து மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். கிளறாதீர்கள்.

ஆனால் முதல் முறைக்குத் தண்டு போதும் என்பது என் கட்சி. காய்கறிக் கடையில் கொடிப்பசலைக் கட்டு கிடைத்தால் வாங்கி, இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, தண்டில் நல்லதாக நாலைந்தை ஒதுக்கி வையுங்கள். கொடி வளர்க்கும் பக்கத்து வீட்டில் கேட்டாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டில் அது எப்படியும் அளவுக்கு மீறித்தான் இருக்கும்.

தண்டு ஒரு பென்சில் தடிமன் இருக்க வேண்டும். நுனியின் இளந்தளிர் வேண்டாம், அடியில் நார் ஏறிய முற்றலும் வேண்டாம். 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு கணு வருகிற மாதிரி, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். அடியில் இரண்டு கணுவின் இலையை எடுத்துவிடுங்கள். மேலே ஒன்றிரண்டு இலை போதும், அவை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். அப்போது தண்டு வாடாது.

இலை நீக்கிய இரண்டு கணுவும் மண்ணுக்குள் போக வேண்டும். வேர் கிளம்புவது அங்கிருந்துதான். மேல்பக்கம் மேலேதான் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இலை எல்லாம் எடுத்த தண்டில் தலை கால் தெரியாது. இலைக்காம்பு விழுந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நட்டதும் நிழலில் வைத்து மண் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரம், பத்து நாளில் கணுவில் பச்சையாக ஒரு புள்ளி தெரியும். அதற்கப்புறம் வெயிலுக்கு நகர்த்தலாம்.

மண்ணில் நம்பிக்கை இல்லை என்றால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தண்டை நிறுத்துங்கள். சில நாளிலேயே கணுவைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வேர் முளைக்கும். தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அடி அழுகும். வேர் ஒரு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். ரொம்ப நீளவிட்டால் மாற்றும்போது உடையும்.

தொட்டியும் மண்ணும்

15 அங்குல அகலம், அதே அளவு உயரம் உள்ள வளர்பை ஒன்றுக்கு இரண்டு தண்டு. 12 அங்குலப் பை என்றால் ஒன்றே ஒன்று. தரையில் என்றால் ஒரு அடிக்கு ஒன்று. நெருக்கி நட்டால் முதல் மாதம் பச்சைப் பசேலென்று இருக்கும், அப்புறம் காற்றோட்டம் இல்லாமல் இலைப்புள்ளி வரும்.

மண்கலவைக்கு ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இவ்வளவு போதும். தென்னைநார்க் கட்டியை வாங்கியதும் அப்படியே கலந்துவிட வேண்டாம். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி ஊறவைத்து என்று இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். இலை ஓரம் கருகுவதற்கு வெயில்தான் காரணம் என்று நினைத்து நிழல்வலை கட்டுகிறவர்கள் உண்டு. பல நேரம் குற்றவாளி இந்த உப்புதான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருவில் மழைத் தண்ணீரைப் பிடித்து அவ்வப்போது பையில் ஊற்றினால், தேங்கிய உப்பு அடி வழியாக இறங்கிவிடும்.

பையின் அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பையை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேலே தூக்கி வைத்தால் தளமும் ஊறாது, வேரும் அழுகாது. இந்தக் கொடிக்கு ஈரம் பிடிக்கும், தேங்கிய தண்ணீர் பிடிக்காது.

எங்கே வைப்பது? நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் இருந்தால் இலை தடித்து நிறையக் கிடைக்கும். பாதி நிழலிலும் வளரும். அங்கே இலை பெரிதாக, மெல்லியதாக வரும். சொல்லப்போனால் பஜ்ஜிக்கு நிழலில் வளர்ந்த இலைதான் நல்லது. கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் அதுவே போதும்.

தரையில் இடம் உள்ளவர்கள் கிணற்றடி, துணி துவைக்கும் கல், பாத்திரம் கழுவும் இடம் என்று தண்ணீர் வழிந்தோடும் ஓரமாகப் பாருங்கள். மங்களூர், உடுப்பிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் பசளைக்கென்றே தாழ்வாகப் பந்தல் போடுவார்கள். சோப்புத் தண்ணீர் நேராக வேரில் விழாமல் கொஞ்சம் தள்ளி வைத்தால் சரி.

எப்போது நடலாம்

தமிழ்நாட்டுச் சமவெளியில் நடக்கூடாத மாதம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் இரண்டு நேரம் வாகானது. மாசி, பங்குனியில் நட்டால் அக்னி நட்சத்திரம் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். கோடை முழுக்கக் கீரை. இல்லையென்றால் ஆடியில் நட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இரண்டு மூன்று அறுப்பு எடுத்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புதுத்தண்டு நடுவதைத் தவிருங்கள், அழுகல் அதிகம். ஊட்டி, கொடைக்கானல் குளிர் இதற்கு ஆகாது.

ஏற வழி

இது சுற்றி ஏறும் கொடி என்று சொன்னேன். அதனால் மெல்லிய, நெட்டுக்குத்தான பிடிமானம் வேண்டும். வழவழப்பான இரண்டு அங்குல பிவிசி குழாயை நட்டுவிட்டு ‘ஏற மாட்டேன் என்கிறதே’ என்றால் அது என்ன செய்யும்? குழாயில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிவிட்டால் சொரசொரப்பில் பிடித்து ஏறும். ஆறடிச் சவுக்குக் கம்பு மூன்றைப் பையைச் சுற்றி ஊன்றி, மேலே சேர்த்துக் கட்டுவதுதான் எனக்குத் தெரிந்து மலிவான, உறுதியான ஏற்பாடு. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆணி அடித்துக் கயிறு இழுத்தும் விடலாம். ஆடிக் காற்றுக்குத் தாங்குமா என்று ஒரு முறை இழுத்துப் பாருங்கள். இலைப் பாரத்தோடு நனைந்த கொடி நல்ல கனம் கனக்கும்.

உயரம் ஆறடி போதும். கொடி பத்தடிக்கு மேலும் போகும், ஆனால் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் கீரை காக்கைக்கும் குருவிக்கும்தான்.

பந்தலே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. ஒரு அடி வளர்ந்ததும் நுனியை வெட்டி, கிளைத்ததும் கிளை நுனிகளை வெட்டி, இப்படியே போனால் புதராக நிற்கும். சின்ன பால்கனிக்கு இது ரொம்பத் தோது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது.

வெட்டும் முறை

தண்டு நட்ட ஐந்தாறு வாரத்தில் கொடி இரண்டு மூன்று அடி வந்திருக்கும். விதை போட்டிருந்தால் இன்னும் சில வாரம் கூடும். முதல் வெட்டு இப்போது. கத்திரிக்கோலை எடுத்து, நுனியில் இருந்து ஒரு சாண் தண்டை ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேரும் மூலையில் கடுகு அளவில் ஒரு மொட்டு இருப்பது தெரியும். நுனி இருக்கும் வரை அந்த மொட்டுகள் தூங்கும். நுனி போனதும் வெட்டுக்குக் கீழே உள்ள இரண்டு மூன்று மொட்டு ஒரே வாரத்தில் கிளையாகும். ஒரு நுனி இருந்த இடத்தில் மூன்று நுனி. அடுத்த முறை அந்த மூன்றையும் வெட்டினால் ஏழெட்டு.

அதனால் இலை இலையாகக் கிள்ளுவதைப் பழக்கமாக்காதீர்கள். அவசரத்துக்கு நாலு இலை வேண்டுமென்றால் எடுங்கள், தப்பில்லை. வாராந்திர அறுப்பு என்றால் நுனியோடு தண்டாக வெட்டுங்கள். இளந்தண்டும் நன்றாகவே வேகும். ஒரே நேரத்தில் கொடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். வெட்டிய அன்றே ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டால் எட்டு, பத்து நாளில் அடுத்த அறுப்பு தயாராகிவிடும்.

இப்போது பூ விஷயம். கொடிப்பசலை குறும்பகல் செடி. பகல் 13 மணி நேரத்துக்கு மேல் நீண்டால் பூக்காது. நமக்குச் சிக்கல் என்னவென்றால், சென்னையின் மிக நீண்ட பகலே 13 மணியைத் தொடுவதில்லை. ஆக நம் ஊரில் அது எப்போது வேண்டுமானாலும் பூக்கலாம்; ஐப்பசி முதல் மாசி வரை கொத்துக் கொத்தாகவே பூக்கும். இலை இடுக்கில் வெள்ளையும் ரோஸும் கலந்த மணி மணியான மொட்டுக் கதிர் வரும். அவை விரிந்து மலர்வதே இல்லை. கதிர் வந்த கிளையில் இலை சிறுக்கும், ருசி குறையும். கண்ணில் பட்டதும் அந்தக் கிளையையே இரண்டு கணு இறக்கி வெட்டிவிடுங்கள். தண்ணீர் குறைந்தாலும் பூப்பது அதிகமாகும். கோடையில் பூத்தால் முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

விதைக்கு என்று ஒரே ஒரு கிளையைப் பூக்க விடுங்கள். பச்சைக் காய் கருஞ்சிவப்பாக, அப்புறம் கறுப்பாக மாறும். பழுத்ததைப் பறித்துப் பிசைந்து, சதையை அலசி, நிழலில் உலர்த்தினால் விதை. விரலெல்லாம் ஊதா நிறமாகிவிடும், துணியில் பட்டால் லேசில் போகாது. பீட்ரூட்டில் இருக்கும் நிறமிக் குடும்பம்தான் இதிலும். பிள்ளைகள் இருந்தால் இந்தச் சாறைத் தொட்டு எழுதச் சொல்லிக் கொடுங்கள், ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

தண்ணீர், உரம், நோய்

காலையில் வேரில் ஊற்றுங்கள். கோடையில் பைக்குச் சாயங்காலமும் ஒரு முறை தேவைப்படும். மேல் மண்ணைக் காய்ந்த இலையாலோ தென்னை மட்டைத் துண்டாலோ மூடிவைத்தால் பாதித் தண்ணீர் மிச்சம். ராத்திரி இலை நனைகிற மாதிரி ஊற்றினால் இலைப்புள்ளி நோயைக் கூப்பிடுவதாக அர்த்தம்.

இது இலைப் பயிர் என்பதால் தழைச்சத்துதான் முக்கியம். இருபது நாளைக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம். நடுவில் ஒரு முறை 100 கிராம் கடலைப் பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றலாம். நாற்றம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். மாடியில் துணி காயப் போடாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பஞ்சகவ்யா தெளிப்பதென்றால் லிட்டருக்கு 30 மில்லி, அதாவது 3 சதவீதம். தெளித்த இலையை நாலைந்து நாள் கழித்து, நன்றாகக் கழுவிச் சமைக்கவும்.

பெரிய பூச்சித் தொல்லை கிடையாது என்பதுதான் இந்தக் கொடியின் அழகே. மழைக்காலத்தில் நத்தை வரும்; ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கிப் போடுவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. நுனியில் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருந்தால் அந்த நுனியையே வெட்டி எறியுங்கள், எப்படியும் வெட்டத்தானே போகிறோம். பரவிவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய வைக்கக் கொஞ்சம் காதி சோப், சாயங்காலம் தெளிக்கலாம்.

இலைப்புள்ளி வந்தால் நடுவில் வெளிறி, சுற்றிலும் சிவப்பு ஊதா வளையத்தோடு வட்ட வட்டமாகத் தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும், கொடி சாகாது. புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போட வேண்டாம். நெருக்கத்தைக் குறைத்தால் புது இலை சுத்தமாக வரும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது நூற்புழு. மேலே எந்தப் பூச்சியும் இருக்காது, தண்ணீர் குறை இருக்காது, ஆனாலும் கொடி சோர்ந்து மஞ்சளாகும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். இதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். கொடியின் மேல்பகுதியில் இருந்து நல்ல தண்டு வெட்டி வேறு மண்ணில் நட்டுக்கொண்டு, பழைய செடியை எடுத்துவிடுங்கள். அந்த மண்ணைக் கோடை வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட்டு, வேப்பம் பிண்ணாக்கு கலந்து, ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள். தக்காளி, கத்திரி, வெண்டை நட்டு எடுத்த பையில் உடனே பசலை நடுவதையும் இதனால்தான் தவிர்க்கச் சொல்கிறேன். அவையும் இந்தப் புழுவுக்கு இடம் கொடுக்கும் செடிகள்.

ஒரே கொடியை வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம், ஆனால் அடித்தண்டு முற்றி மரமாகிவிடும். வருஷத்துக்கு ஒரு முறை புதுத்தண்டு நட்டு, பழையதை எடுத்துவிடுவது நல்லது.

அடுப்படியில்

இனி சமையல். கொடிப்பசலையைப் பிடிக்காது என்பவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரே காரணம் வழுவழுப்பு. வெண்டைக்காயைச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. பொரியலில் வழுவழுப்பு வேண்டாமென்றால் இலையைக் கழுவி, துணியில் ஒற்றி ஈரம் போக்கி, அப்புறம் நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள். அகலமான இரும்பு வாணலி, நல்ல சூடு, மூடி போடக் கூடாது, சும்மா சும்மா கிளறவும் கூடாது. உப்பைக் கடைசியில் போடுங்கள். புளியோ தக்காளியோ எலுமிச்சையோ சேர்ந்தால் வழுவழுப்பு அடங்கும்.

ஆனால் கூட்டு, குழம்பு என்று போனால் அந்தப் பசைதான் குழம்பைச் சேர்த்துப் பிடிக்கும். அரிசி மாவு கரைத்து ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் கூட்டு. அரை கப் பாசிப்பருப்பை மஞ்சள் தூள் போட்டுக் குழையாமல் வேகவையுங்கள். நறுக்கிய கீரை மூன்று கப், இளந்தண்டும் சேரலாம். தண்டை முதலில் போட்டு மூன்று நிமிஷம், அப்புறம் இலை, இன்னும் நாலு நிமிஷம். மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து, உப்புப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. அதிக நேரம் வேகவிட்டால் பச்சை நிறம் போய்க் காக்கியாகும். சூடாக ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

புளிக்குழம்புக்கு முற்றல் இலையும் தடித்த தண்டும் போதும். நல்லெண்ணெயில் வெந்தயம், கடுகு தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயமும் பத்துப் பல் பூண்டும் வதக்கி, நெல்லிக்காய் அளவு புளி கரைத்து, குழம்புத் தூள் போட்டுப் பச்சை வாசம் போகக் கொதிக்கவிடுங்கள். இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கிய தண்டைக் கொதி வரும்போதும், இலையைக் கடைசி ஐந்து நிமிஷத்திலும் போட வேண்டும். மறுநாள் இன்னும் ருசி. அசைவம் சாப்பிடுகிறவர்கள் இதிலேயே ஒரு கை இறால் கருவாடு வறுத்துப் போட்டுப் பாருங்கள். மங்களூர்ப் பக்கம் பசளையும் இறாலும் பிரியாத ஜோடி. வங்காளிகள் இலிஷ் மீன் தலையோடு போடுவார்கள். கோதாவரி மாவட்டங்களின் கல்யாணப் பந்தியில் சேனைக்கிழங்கும் பச்சலிக் கீரையும் புளியில் வெந்து, கடைசியில் கடுகு அரைத்துக் கலந்து வரும். கடுகின் காரம் மூக்கில் ஏறினாலும் இன்னொரு கரண்டி கேட்க வைக்கும்.

பிள்ளைகளைக் கீரை சாப்பிட வைக்க பஜ்ஜிதான். அகலமான இலையாகப் பறித்து, ஈரம் துடைத்து, காம்பை நறுக்காமல் விடுங்கள். மாவில் தோய்க்கப் பிடி அதுதான். ஒரு கப் கடலை மாவு, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, மிளகாய்த் தூள், பெருங்காயம், உப்பு. மாவு இலையில் மெல்லிசாக ஒட்டி நிற்கும் பதம் வேண்டும். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டால் ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று வரும். அடை மாவில் பொடியாக நறுக்கிப் போடுவது, கேழ்வரகு ரொட்டியில் பிசைவது, துவையல் அரைப்பது எல்லாம் நீங்களாகவே செய்துகொள்வீர்கள்.

பறித்த கீரை ரொம்ப நாள் தாங்காது. துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள். அதற்கு மேல் இலை கறுக்கும். தண்டோடு தண்ணீர் ஜாடியில் நிறுத்திச் சமையலறை மேடையில் வைத்துக்கொள்வது மேல்.

சத்துக் கணக்கு கேட்பவர்களுக்கு: 100 கிராம் பச்சைக் கீரையில் 19 கலோரிதான். வைட்டமின் சி 102 மில்லிகிராம், கால்சியம் 109 மில்லிகிராம், வைட்டமின் ஏயும் ஃபோலேட்டும் தாராளம். கீரை என்றாலே இரும்புச்சத்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். இதில் அது 1.2 மில்லிகிராம்தான். இரும்புக்காக மட்டும் இதைச் சாப்பிட வேண்டியதில்லை. வைட்டமின் சி சூட்டில் பெரும்பகுதி போய்விடும், அதனால்தான் குறைந்த நேரம் வேகவைக்கச் சொல்வது. ஆக்சலேட் உள்ள கீரை என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு அளவோடு சாப்பிடவும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் எந்தக் கீரையையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, இதுவும் அப்படித்தான். உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்லிச் சளிப் பிடித்தவர்களுக்குப் பெரியவர்கள் கொடுக்க மாட்டார்கள். ராத்திரியில் கீரையே கூடாது என்பார்கள். அது அவரவர் வீட்டு வழக்கம், நான் தலையிடவில்லை.

மூன்று பை வைத்து ஒழுங்காக வெட்டினால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் ஒரு கூட்டுக்குப் பஞ்சமிருக்காது. மழைக்காலத்தில் மிஞ்சவே மிஞ்சும். மிஞ்சினால் கீரையாகக் கொடுப்பதைவிட, இலையோடு நாலு கணுத் தண்டாகக் கட்டி அக்கம்பக்கத்தில் கொடுங்கள். உங்கள் கொடி நூற்புழுவிலோ அடைமழையிலோ போய்விட்டால் திரும்பப் போய்க் கேட்க ஒரு வீடு இருக்கும்.